கப்பற் பெயர்களின் முன்னெழுத்துக்களும் நீராவி யுகத்தின் வரலாறும்

ஒருவரின் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து அவருடைய தந்தை யார் என்பதைச் சுட்டுவது தமிழர் வழக்கு. பெயர் ஒருவரை ஏனையோரிலிருந்து பிரித்துக் காட்ட, தலைப்பெழுத்து அவரை ஒரு குடும்பத்தோடு சேர்த்துக் காட்டுகிறது. கடலிற் செல்லும் கப்பல்களுக்கும் இத்தகைய முன்னெழுத்துக்கள் உண்டு. எஸ்.எஸ்., பி.எஸ்., ஆர்.எம்.எஸ்., எச்.எம்.எஸ்., எம்.வி. என்பன அவற்றுட் சில. செய்தித்தாள்களிலும் நாவல்களிலும் பாடநூல்களிலும் இவை அடிக்கடி தென்படுவன. நன்கு பழகிவிட்டமையாலேயே இவற்றின் பொருளை வினவுவோர் மிகச் சிலராக உள்ளனர்.

அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் மட்டுமன்றி, இத்தகைய சிறு வழக்குகளும் வரலாற்றுக்குச் சான்றாக அமைவன. ஒரு கப்பலின் பெயருக்கு முன் அக்காலத்து மக்கள் எதனை எழுதத் தகுந்ததெனக் கருதினர் என்பது, அக்காலம் எதனைப் பெருமையாகக் கொண்டது என்பதைக் காட்டும். நீராவி கண்டுபிடிக்கப்பட்டதும் பாய்க்கப்பல் மறைந்தது எனச் சுருக்கமாகக் கூறிவிடுவது பொதுவழக்கு. முன்னெழுத்துக்களை வரன்முறையாக நோக்குவார்க்கு இக்கூற்றின் குறைபாடு புலனாகும். எஸ்.எஸ். என்பது இயந்திரத்தைக் கூறுகிறது, ஆர்.எம்.எஸ். என்பது அவ்வியந்திரத்தைக் கடலில் நிலைநிறுத்திய அரசின் பணத்தைக் கூறுகிறது. இவ்விரண்டுக்குமுள்ள தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னெழுத்துக்களின் இயல்பு

முதற்கண் ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். வணிகக் கப்பல்களைப் பொறுத்தவரை முன்னெழுத்து கப்பலின் பதிவுப் பெயரின் பகுதியன்று. பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டத்தின்படி ஒரு கப்பலுக்குப் பெயரும் பதிவுத் துறைமுகமும் உண்டு. 1855 முதல் மாறாத அலுவல் இலக்கம் ஒன்றும் வழங்கப்பட்டது. உடைமையாளர் மாறினும் பெயர் மாறினும் அவ்விலக்கம் மாறுவதில்லை. முன்னெழுத்தோ சட்டத்தாலன்றி வழக்காலேயே நிலைபெற்றது. எனவே ஒரே கப்பல் ஓரிடத்தில் எஸ்.எஸ். எனவும் பிறிதோரிடத்தில் ஆர்.எம்.எஸ். எனவும் எழுதப்பட்டிருத்தல் முரண்பாடாகாது. எழுதுவோர் எதனை முதன்மையாகக் கருதினரோ அதற்கேற்ப எழுத்து அமைந்தது.

பொருளடிப்படையில் இவற்றை மூவகைப்படுத்தலாம். கப்பலை இயக்குவது எது என்ற வினாவுக்கு விடையாக அமைவன ஒருவகை; பி.எஸ்., எஸ்.எஸ்., எம்.வி. என்பன இதனைச் சாரும். கப்பல் எப்பணியைச் செய்கிறது என்பதைக் கூறுவன இரண்டாம் வகை, ஆர்.எம்.எஸ். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கப்பல் எவ்வரசுக்கு உரியது என்பதைக் கூறுவன மூன்றாம் வகை, எச்.எம்.எஸ். முதலான போர்க்கப்பல் எழுத்துக்கள் இதிலடங்கும். கிழக்கிந்தியக் கம்பனி தன் கப்பல்களுக்கு 'மாண்புமிகு கம்பனியின் கப்பல்' எனப் பொருள்படும் எச்.சி.எஸ். என்ற எழுத்துக்களை இட்டமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. வணிக நிறுவனமொன்று அரசனைப் போலத் தன் கப்பல்களுக்கு முன்னெழுத்து இட்டதென்றால், அந்நிறுவனம் தன்னை யாதெனக் கருதியது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இயந்திரத்தின் எழுத்துக்கள்

நீராவியின் ஆற்றல் முதலில் ஆறுகளிலும் கால்வாய்களிலுமே பயன்பட்டது. 1803 இல் ஸ்கொட்லாந்தின் கால்வாயொன்றில் 'சார்லட் டண்டாஸ்' படகுகளை இழுத்துக் காட்டியது. 1807 இல் ரொபேட் புல்ற்றன் நியூயோர்க்கிலிருந்து அல்பனிவரை ஹட்சன் ஆற்றில் நீராவிப் படகைச் செலுத்தினார். 1812 இல் ஹென்றி பெல்லின் 'கொமெற்' கிளைட் ஆற்றிற் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. இவையாவும் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ பொருத்தப்பட்ட துடுப்புச் சக்கரத்தால் இயங்கின. துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் என்பதன் சுருக்கமே பி.எஸ். ஆகும்.

ஆற்றில் வெற்றி பெற்ற நீராவி, சமுத்திரத்தில் உடனே வெற்றி பெறவில்லை. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த முதல் நீராவிக் கப்பல் எனப் போற்றப்படும் 'சவானா' 1819 இல் லிவர்பூலை அடைய 29 நாட்கள் எடுத்தது. அவற்றுள் அதன் இயந்திரம் இயங்கியது ஏறத்தாழ 80 மணிநேரமே. ஏனைய நேரமெல்லாம் பாய்களே அதனைச் செலுத்தின. 1825 இல் 'என்ரபிறைஸ்' இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவை அடைய 113 நாட்கள் சென்றன. அக்காலத்து நல்ல பாய்க்கப்பலும் ஏறத்தாழ அதே காலத்தில் அப்பயணத்தை முடிக்கக்கூடியதாயிருந்தது.

இத்தோல்விகளுக்குக் காரணம் நிலக்கரியாகும். காற்றுக்கு விலையில்லை, அதற்கு இடமும் வேண்டியதில்லை. நிலக்கரியோ விலை கொடுத்து வாங்கப்படுவது. பொருள்களுக்குரிய இடத்தைக் கப்பலுக்குள் தானே பிடித்துக்கொள்வது. 1830 இல் பம்பாயிலிருந்து சுயஸ் சென்ற கம்பனிக் கப்பலான 'ஹியூ லிண்ட்சே' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்தாறு நாட்களுக்கான கரியை மட்டும் ஏற்றும்படி அமைக்கப்பட்ட அக்கப்பலில், பயணிகள் அறைகளிலும் மேற்றளத்திலுங்கூடக் கரி குவிக்கப்பட்டது. அவ்வாறிருந்தும் 11 நாட்களின் பின் அது ஏடனை அடைந்தபோது எஞ்சியிருந்தது ஆறு மணிநேரத்துக்குரிய கரியே. கரியைச் சுமப்பதற்காகவே செல்லும் கப்பலால் வாணிகம் செய்தல் எங்ஙனம்? இவ்வினாவே அரை நூற்றாண்டுக் காலம் நீராவிக் கப்பலைத் தொடர்ந்து வருத்திய வினாவாகும்.

இதனிடையே இயக்கும் முறையில் பெருமாற்றமொன்று நிகழ்ந்தது. துடுப்புச் சக்கரம் அலையில் ஒருபுறம் மூழ்க மறுபுறம் காற்றிற் சுழலும். போர்க்கப்பலில் எதிரியின் குண்டுக்கு எளிதில் இலக்காகும். நீருக்கடியில் இயங்கும் திருகு விசிறி இக்குறைகளற்றது. பிரான்சிஸ் பெற்றிற் சிமித்தின் திருகு விசிறியைக் கொண்ட 'ஆர்க்கிமிடீஸ்' 1830களின் இறுதியில் இதனை நிரூபித்தது. 1845 இல் பிரித்தானியக் கடற்படை திருகு விசிறி பூண்ட 'றாற்லர்' கப்பலையும் துடுப்புச் சக்கரம் பூண்ட 'அலெக்ரோ' கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிர்த் திசைகளில் இழுக்கச் செய்தது. 'றாற்லர்' தன் எதிரியைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. அதே ஆண்டில் புரூணெல் அமைத்த 'கிரேற் பிரிட்டன்', இரும்பாலான உடலும் திருகு விசிறியும் கொண்ட பெருங்கப்பலாக அத்திலாந்திக்கைக் கடந்தது.

இங்குதான் எஸ்.எஸ். என்ற எழுத்துக்களின் ஈருரு வெளிப்படுகிறது. இவ்விரு எழுத்துக்களும் நீராவிக் கப்பல் எனவும் திருகு நீராவிக் கப்பல் எனவும் இருவகையாக விரிக்கப்பட்டன. துடுப்புச் சக்கரக் கப்பல்களும் உடன் நிலவிய காலத்தில், பி.எஸ். என்பதற்கு எதிராக நின்ற எஸ்.எஸ். திருகு விசிறியைக் குறித்து வேறுபாடு காட்டியது. துடுப்புச் சக்கரம் பெருங்கடலை விட்டு மறைந்தபின் அவ்வேறுபாட்டுக்குத் தேவை இல்லாது போக, எஸ்.எஸ். பொதுப்பெயராயிற்று. சொற்கள் தம் எதிர்ச்சொல்லை இழக்கும்போது பொருள் விரிவடைதல் மொழியியலார் அறிந்த உண்மையே; கப்பலின் முன்னெழுத்தும் அவ்விதிக்கு உட்பட்டது. பின்னர்த் தோன்றிய ரி.எஸ்.எஸ். என்பதும் இத்தகையதே. அது சில கப்பல்களில் இரட்டைத் திருகையும், வேறு சிலவற்றில் டர்பைன் இயந்திரத்தையும் குறிக்கும். கப்பல் கட்டப்பட்ட காலத்தையும் அதன் அமைப்பையும் அறியாது அதன் பொருளைத் துணிதல் இயலாது.

தபாலின் எழுத்துக்கள்

ஆர்.எம்.எஸ். என்பது அரச தபாற் கப்பல் எனப் பொருள்படும். பிரித்தானிய அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தபாலைச் சுமக்கும் கப்பலே இவ்வெழுத்துக்களுக்கு உரியது. பயணிகள் இவற்றைக் காலந்தவறாமைக்கும் விரைவுக்கும் உறுதிமொழியாகக் கொண்டனர். கப்பற் கம்பனிகளும் அவ்வாறே விளம்பரம் செய்தன. ஆனால் இவ்வெழுத்துக்களின் அடிப்படை பணமே.

1837 இல் ஐபீரியத் தீபகற்பத்துக்குரிய தபாலைச் சுமக்கும் ஒப்பந்தம் தனியார் கப்பற் குழுவொன்றுக்கு வழங்கப்பட்டது. பிற்காலத்தில் பி. அண்ட் ஓ. எனப் பெயர்பெற்ற பெருங்கம்பனியின் தொடக்கம் இதுவே. 1839 இல் நோவா ஸ்கோஷியாவின் ஹலிபாக்ஸ் நகரைச் சேர்ந்த சாமுவேல் கியூனாட், அத்திலாந்திக் தபால் ஒப்பந்தத்தைப் பெற்றார். ஆண்டுதோறும் அரசு அவருக்கு 50,000 பவுணுக்கு மேற்பட்ட தொகையை வழங்கியது. போர்க்காலத்தில் அக்கப்பல்களைக் கடற்படைக்குப் பயன்படுத்தும் வாய்ப்பும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. 1840 ஜூலை 4 அன்று லிவர்பூலிலிருந்து புறப்பட்ட 'பிரிட்டானியா' கியூனாட்டின் முதற் பெருங்கப்பலாகும்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயனுடையது. கியூனாட்டுக்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1838 ஏப்ரலில், பிரிஸ்டல் நகரக் கம்பனியொன்றின் 'கிரேற் வெஸ்ரேண்' 15 நாட்களில் நியூயோர்க்கை அடைந்தது. வந்து சேர்ந்தபோது அதில் ஏறத்தாழ 200 தொன் நிலக்கரி எஞ்சியிருந்தது. கப்பல் பெரிதாகுந்தோறும் நீரின் தடையைவிட அதன் கொள்ளளவு மிகுதியாக வளரும் என்ற புரூணெலின் கணக்கு சரியென்பதை இது மெய்ப்பித்தது. தொழில்நுட்ப அறிவில் இக்கம்பனி கியூனாட்டை விஞ்சியிருந்தது; மரத்தாலான துடுப்புச் சக்கரக் கப்பல்களைக் கியூனாட் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் இரும்பாலும் திருகாலும் அமைந்த 'கிரேற் பிரிட்டனை' உருவாக்கியதும் இதுவே. எனினும் தபால் ஒப்பந்தம் இதற்குக் கிட்டவில்லை. 1846 இல் 'கிரேற் பிரிட்டன்' அயர்லாந்துக் கரையில் தரைதட்டிய விபத்தோடு கம்பனி நிலைகுலைந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் கியூனாட்டும் 'கொலம்பியா' என்ற கப்பலை நோவா ஸ்கோஷியக் கரையில் அறவே இழந்திருந்தார். ஆயினும் அவருடைய கம்பனி வீழவில்லை. ஒரு கப்பலின் இழப்பை ஒரு கம்பனி தாங்கியமைக்கும் மற்றது தாங்காமைக்கும் இடையே நின்றது, ஆண்டுதோறும் தவறாது வந்த அரசின் பணமே எனலாம்.

அமெரிக்க வரலாறும் இதனை வலியுறுத்துகிறது. கியூனாட்டுக்குப் போட்டியாக 1850 இல் தொடங்கப்பட்ட கொலின்ஸ் கப்பல்கள் விரைவிலும் வசதியிலும் முதன்மை பெற்றன. அமெரிக்கக் காங்கிரஸ் 1852 இல் அவற்றுக்குரிய தபால் மானியத்தை ஆண்டுக்கு 858,000 டொலராக உயர்த்தியது. 1854 இல் 'ஆர்க்ரிக்' கப்பலும் 1856 இல் 'பசிபிக்' கப்பலும் மூழ்கின. 1857 இல் மானியம் குறைக்கப்பட, அடுத்த ஆண்டிலேயே அக்கம்பனி மறைந்தது. கப்பல்கள் இழக்கப்பட்டபோது தடுமாறிய கம்பனி, மானியம் இழக்கப்பட்டபோது வீழ்ந்தது என்பது நோக்கத்தக்கது.

ஆதலின் ஆர்.எம்.எஸ். என்பதை வெறும் அலங்கார எழுத்தாகக் கொள்ளுதல் தவறாகும். சுதந்திர வாணிகத்தைத் தன் கொள்கையாக உலகெங்கும் போதித்த நாடு, தன் நீராவிக் கப்பல்களை அரச பணத்தால் வளர்த்தது என்னும் உண்மை அம்மூன்று எழுத்துக்களில் அடங்கியுள்ளது.

தபாற்பணி கப்பலோட்டிகளுக்கு எத்துணை முதன்மையானதாயிருந்தது என்பதற்கு 1912 இல் மூழ்கிய 'டைட்டானிக்' இன்னொரு சான்றாகும். உலகறிந்த அக்கப்பலின் முன்னெழுத்து ஆர்.எம்.எஸ். என்பதே. அதனுள் மிதக்கும் தபாலகமொன்று இருந்தது. பிரித்தானியர் இருவரும் அமெரிக்கர் மூவருமாக ஐந்து தபால் அலுவலர் அங்கே பணியாற்றினர். அறைக்குள் நீர் புகுந்தபின்னும் அவர்கள் பதிவுத் தபாற் பைகளை மேற்றளத்துக்கு ஏற்ற முயன்றனர். ஐவரும் உயிர் தப்பவில்லை.

கிழக்குக் கடல்கள்

அரச தபாலின் பாதையே இலங்கையை நீராவி யுகத்துக்குள் கொண்டுவந்தது. 1842 இல் பி. அண்ட் ஓ. கம்பனியின் 'ஹிந்துஸ்தான்' சவுத்தாம்ரனிலிருந்து புறப்பட்டுக் கல்கத்தா - சுயஸ் தபாற்சேவையைத் தொடங்கி வைத்தது. சென்னையும் காலியும் அவ்வழியில் அமைந்தன. 1845 இல் சீனத் தபாற்பாதையும் அதன்பின் அவுஸ்திரேலியப் பாதையும் சேர்ந்தபோது, காலி இப்பாதைகளின் சந்தியாயிற்று. கரி ஏற்றுமிடமும் தபால் மாற்றுமிடமும் அதுவே. பாறைகள் நிறைந்த அத்துறைமுகம் பெருங்கப்பல்களுக்கு ஏற்றதன்று. 1871 நவம்பரில் தபாற்கப்பலான 'ரங்கூன்' காலிக்கு அப்பால் பாறையில் மோதி மூழ்கியது. 1875 இல் கொழும்பில் அலைதாங்கி அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு 1885 இல் அது நிறைவெய்தியது. கப்பல்கள் கொழும்பை நாடின. காலி தன் முதன்மையை இழந்தது. ஒரு நகரின் எழுச்சியும் மற்றொன்றின் வீழ்ச்சியும் தபாற்கப்பல்களின் பாதையோடு பிணைந்திருந்தன.

நீராவிக் கப்பல் என்றென்றும் அரசின் பணத்தையே நம்பி வாழ்ந்தது எனக் கூறுவதும் பொருந்தாது. நீராவியை இருமுறை பயன்படுத்தும் கூட்டு இயந்திரத்தைச் செம்மைப்படுத்திய லிவர்பூல் பொறியியலாளர் அல்பிரட் ஹோல்ற், 1866 இல் 'அகமெம்னன்' என்னும் கப்பலைச் சீனத்துக்கு அனுப்பினார். லிவர்பூலிலிருந்து மொரீசியசுவரை 8,500 மைல்களை அது இடையில் கரி ஏற்றாமலே கடந்தது. 'ஹியூ லிண்ட்சே' எழுப்பிய வினாவுக்கு விடை அப்போதுதான் கிடைத்தது. 1869 நவம்பர் 17 அன்று திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய், காற்றை நம்பிய பாய்க்கப்பல்களுக்குப் பயன்படாது நீராவிக்கே வழிவிட்டது. இதன்பின்னரே வெறும் எஸ்.எஸ். என்ற எழுத்துக்களோடு, தபால் மானியமின்றி, தூரக்கடலில் இலாபமீட்டுதல் இயல்வதாயிற்று. அதற்கு முற்பட்ட முப்பது ஆண்டுகளிலும் நீராவியைத் தாங்கி வளர்த்தது தபாற்பணமே. அக்காலத்தில் ஒப்பந்தம் பெற்றோர், பின்வந்தோர் எளிதில் எட்டமுடியாத மூலதனத்தையும் துறைமுக வசதிகளையும் தமதாக்கிக்கொண்டனர்.

தூத்துக்குடியும் கொழும்பும்

இவ்வுண்மையின் கூர்மையைத் தமிழர் வரலாற்றில் உணர்த்திய நிகழ்ச்சி சுதேசிய நாவாய்ச் சங்கத்தின் எழுச்சியும் வீழ்ச்சியுமாகும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பற் கம்பனி ஆதிக்கம் செலுத்தியது. 1856 இல் வில்லியம் மக்கின்னன் முதலியோர் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்குமிடையே தபாலைச் சுமப்பதற்காகத் தொடங்கி, 1862 இல் இப்பெயர் பெற்ற கம்பனி அது. அதாவது, அதன் பிறப்பே தபால் ஒப்பந்தத்தின் விளைவு.

இதற்கெதிராக வ. உ. சிதம்பரம்பிள்ளையின் முயற்சியால் 1906 ஒக்டோபரில் சுதேசிய நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். பத்து இலட்ச ரூபா மூலதனம், 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாக வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் வாடகைக்குப் பெற்ற கப்பல்கள், எதிர்க் கம்பனியின் நெருக்குதலால் மீளப்பெறப்பட்டன. வ. உ. சி. கொழும்புக்கு வந்து கப்பலொன்றை வாடகைக்கு அமர்த்திச் சேவையைத் தொடர்ந்தார். பின்னர் 'எஸ்.எஸ். காலியா', 'எஸ்.எஸ். லாவோ' ஆகிய இரு கப்பல்களைச் சங்கம் விலைக்கு வாங்கியது.

இவ்விரு கப்பல்களின் பெயருக்கு முன்னும், எதிர்க் கம்பனியின் கப்பல்களின் பெயருக்கு முன்னும் எஸ்.எஸ். என்ற அதே எழுத்துக்களே நின்றன. இயந்திரத்தைப் பொறுத்தவரை இருசாராரும் சமமே. ஆனால் ஒருசாராரின் பின்னால் அரை நூற்றாண்டுத் தபால் ஒப்பந்தங்களும் ஆட்சியாளரின் ஆதரவும் நின்றன. மறுசாராரின் பின்னால் வணிகரும் பொதுமக்களும் வாங்கிய 25 ரூபாப் பங்குகளே நின்றன. ஆங்கிலக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே சென்று, இறுதியிற் பயணிகளை இலவசமாக ஏற்றிக் குடையும் வழங்கியது என்பது பலராலும் எடுத்துரைக்கப்படும் செய்தி. இழப்பைத் தாங்கும் ஆற்றலே இத்தகைய போட்டியின் முடிவைத் தீர்மானிக்கும். போதாக்குறைக்கு ஆட்சி நேரடியாகவே தலையிட்டது. 1908 மார்ச்சில் கைதுசெய்யப்பட்ட வ. உ. சி.க்கு அதே ஆண்டு ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டின் பின் அது குறைக்கப்பட்டு, 1912 இறுதியில் அவர் விடுதலையானார். அதற்கு முன்பே, 1911 இல், சங்கம் கலைக்கப்பட்டுவிட்டது. பிரிஸ்டல் கம்பனி தொழில்நுட்பத்தில் முந்தியிருந்தும் வீழ்ந்தது. சுதேசியச் சங்கம் மக்கள் ஆதரவில் முந்தியிருந்தும் வீழ்ந்தது. முன்னதற்கு அரசு உதவவில்லை. பின்னதை அரசு அழிக்க முனைந்தது. இவ்வேறுபாடு குடியேற்ற ஆட்சியின் இயல்பை விளக்கப் போதுமானது.

1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பற்சேவை தொடங்கியது. சென்னையிலிருந்து புகையிரதத்தில் வந்து, கப்பலிற் கடல் கடந்து, மீண்டும் புகையிரதமேறிக் கொழும்பு செல்லும் அவ்வழியும் 'போட் மெயில்' எனத் தபாலின் பெயராலேயே வழங்கியது. தோட்டங்களை நோக்கிச் சென்ற தொழிலாளரும், படிப்புக்காகச் சென்ற மாணவரும், யாத்திரிகரும் அவ்வழியே போய்வந்தனர். ஆயினும் வழியின் பெயர் கடிதத்துக்கே உரியதாயிற்று. 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேஸ்வரத்திலிருந்து நடைபெற்ற சேவையும் 1984 இல் நின்றது.

ஆட்சியின் எழுத்துக்கள்

போர்க்கப்பலின் முன்னெழுத்து இயந்திரத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. 1765 இல் நீரிலிறங்கிய பாய்க்கப்பலான 'விக்ரறி'யும் அணுவாற்றலால் இயங்கும் நீர்மூழ்கியும் ஒருங்கே எச்.எம்.எஸ். என வழங்கப்படும். கப்பல் மன்னருடையது என்பதே அங்கு முதன்மையான செய்தி. அமெரிக்காவில் போர்க்கப்பல்களின் முன்னெழுத்து நெடுங்காலம் ஒழுங்கின்றியிருந்து, 1907 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் யூ.எஸ்.எஸ். என நிலைப்படுத்தப்பட்டது.

இறைமை மாறும்போது இவ்வெழுத்துக்களும் மாறின. எச்.எம்.ஐ.எஸ். எனப்பட்ட இந்தியக் கடற்படைக் கப்பல்கள் 1950 இல் இந்தியா குடியரசானதும் ஐ.என்.எஸ். ஆயின. அதே ஆண்டு டிசெம்பரில் அரச இலங்கைக் கடற்படை தோன்றியது. அதன் முதற் கப்பலான 'விஜய'வின் முன்னெழுத்தில் இலங்கையைக் குறிக்கும் எழுத்துக்களோடு மன்னரைக் குறிக்கும் எழுத்துக்களும் இடம்பெற்றன. 1948 இல் நாடு சுதந்திரம் பெற்றிருந்தும், 1972 மே 22 அன்று குடியரசாகும்வரை முடியின் எழுத்துக்கள் கப்பல்களை விட்டு நீங்கவில்லை. அதன்பின்னரே எஸ்.எல்.என்.எஸ். என்ற எழுத்துக்கள் வந்தன. சுதந்திரத்துக்கும் குடியரசுக்குமிடையே கழிந்த 24 ஆண்டுகளின் அரசியல் நிலையை அரசியலமைப்பு நூல்கள் விரிவாக ஆராயும். கப்பலின் முன்னெழுத்து அதனை ஒரு பார்வையிற் காட்டும்.

எழுத்துக்கள் கூறாதவை

நீராவியின் காலம் நூற்றாண்டு கடந்தபோது புதிய எழுத்துக்கள் தோன்றின. 1912 இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் இயந்திரத்தோடு கொப்பன்ஹேகனிலிருந்து பாங்கொக் சென்றது. மோட்டார்க் கப்பலைச் சுட்டும் எம்.வி., எம்.எஸ். என்பன படிப்படியாக எஸ்.எஸ். என்பதன் இடத்தைப் பிடித்தன. 1959 இல் நீரிலிறங்கிய அமெரிக்க அணுவாற்றற் கப்பலுக்கு, 1819 ஆம் ஆண்டுக் கப்பலின் நினைவாகச் 'சவானா' என்றே பெயரிட்டு என்.எஸ். என்ற முன்னெழுத்தை இட்டனர். அணுவுலையின் வெப்பத்தால் உண்டான நீராவியே அதன் டர்பைனையும் சுழற்றியது. ஆனால் நீராவி அப்போது பெருமைக்குரியதாக இல்லாமையால் எழுத்தில் அதற்கு இடமில்லை. ஆர்.எம்.எஸ். என்பதோ நீராவியையும் கடந்து வாழ்ந்தது. டீசலால் இயங்கிய 'சென்ற் ஹெலினா' 2018 வரை அவ்வெழுத்துக்களோடு அத்தீவுக்குச் சேவை செய்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்த 'செரியபாணி', அதிவேகக் கலம் எனப் பொருள்படும் எச்.எஸ்.சி. என்ற எழுத்துக்களைக் கொண்டிருந்தது. ஒவ்வொரு காலமும் தான் வியந்ததையே கப்பலின் பெயருக்கு முன் எழுதியது.

எழுதப்படாதவற்றையும் வரலாற்று மாணவர் நோக்குதல் வேண்டும். 'டைட்டானிக்' நாளொன்றுக்கு 600 தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரித்தது. அதனைக் கையால் அள்ளி உலைகளில் இட்டோர் உள்ளிட்ட இயந்திரப் பகுதியினர் முந்நூறு பேருக்கு மேலாவர். கீழைத்தேயக் கடல்களிற் சென்ற பிரித்தானியக் கப்பல்களின் உலையறைகளிற் பெரும்பாலும் உழைத்தோர் லஸ்கார் எனப்பட்ட ஆசியத் தொழிலாளரே. பிரித்தானிய மாலுமிகளைவிடக் குறைந்த கூலிக்கே அவர்கள் அமர்த்தப்பட்டனர். காலியிலும் கொழும்பிலும் கரிமூடைகளைச் சுமந்து கப்பலேற்றிய கைகளும் எண்ணற்றவை. எஸ்.எஸ். என்பது நீராவியைக் கூறுகிறது. அந்நீராவியை உண்டாக்கியோரைக் கூறுவதில்லை. ஆர்.எம்.எஸ். என்பது கடிதத்தைக் கூறுகிறது. அதே கப்பலின் அடித்தளத்திற் கிடந்து கடல் கடந்தோரைக் கூறுவதில்லை.

இயந்திரத்துக்கும் தபாலுக்கும் முடிக்கும் எழுத்துக்கள் கிடைத்தன. உழைப்புக்கு எழுத்துக் கிடைக்கவில்லை. முன்னெழுத்துக்களின் பொருளை அறிதல் நீராவி யுகத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோர்க்கு ஒரு திறவுகோலாகும். அவ்வெழுத்துக்களில் இடம்பெறாதோரின் வரலாற்றைத் துறைமுகப் பதிவேடுகளிலிருந்தும் மாலுமிகளின் ஒப்பந்தப் பத்திரங்களிலிருந்தும் தேடித் தொகுத்தல் அடுத்து ஆற்றவேண்டிய பணியாகும். அப்பணி நிறைவேறும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.